பதினோரு பேர் கேட்ட பூட்டு

அந்தக் கிடங்கில் யார்டுக்காரர்களுக்கும் ரோட்டுக்காரர்களுக்கும் ஆகாது. இன்று நேற்று வந்த பகை இல்லை. கிடங்கைக் கட்டி, முதல் டிரெய்லர் உள்ளே நுழைந்த அன்றைக்கே அது ஆரம்பித்திருக்கும்.

ரோட்டுக்காரர்கள் என்றால் வெளியிலிருந்து சரக்கு கொண்டுவருகிற டெலிவரி டிரைவர்கள். அவர்கள் கேட்டைத் தாண்டி வந்து, வரிசையில் டிரெய்லரைக் கழற்றி விட்டுவிட வேண்டும். அதற்கு அப்பால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடங்கு வரை நீளும் முற்றம், அதாவது யார்டு, யார்டுக்காரர்களின் ராஜ்ஜியம். அவர்கள் மூக்கில்லாத குட்டை வண்டிகளில் வந்து டிரெய்லரைக் கொக்கியில் மாட்டி இழுத்துப்போய், கிடங்குச் சுவரில் வரிசையாக இருக்கும் முப்பது வாசல்களில் ஒன்றில் பின்பக்கமாகச் செருகுவார்கள். சரக்கு இறங்கியதும் காலி டிரெய்லரைத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அது ஒரு மணி நேரத்திலும் நடக்கும், ஆறு மணி நேரத்திலும் நடக்கும். யானை வாயில் போன கரும்பு என்று ரோட்டுக்காரர்கள் சொல்லிக்கொள்வார்கள். அதுவரை அவர்கள் டிரெய்லரை இழுத்து வந்த முன்வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், யார்டில் நடமாடக் கூடாது என்பது விதி.

ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருவதால் யார்டுக்காரர்களுக்குச் செக்குமாடு என்று பேர். அவர்கள் பதிலுக்கு இவர்களை ஊர்சுத்தி என்றார்கள். வண்டி லேட்டானால் செக்குமாடு சரியில்லை, டிரெய்லரில் கீறல் இருந்தால் ஊர்சுத்தி சரியில்லை. மேலே கண்ணாடி அறையில் இருந்த அதிகாரிகளுக்கு இது ரொம்ப வசதியாக இருந்தது.

ஊர்சுத்திகள் வரிசையில் ஒரே ஒரு பெண் இருந்தாள். வயது முப்பத்தெட்டு. கேட்டில் கொடுக்கிற விதிமுறைத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்து, மூன்றாவது விதிக்கும் ஒன்பதாவது விதிக்கும் ஒத்துப்போகவில்லையே என்று வாட்ச்மேனை நிற்க வைத்துக் கேட்டதிலிருந்து அவளுக்கு வக்கீலம்மா என்று பேர் விழுந்துவிட்டது. அவள் புருஷன் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர், வாயில்லாப் பூச்சி. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொள்வாள்.

அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தான். பதினாலு வருஷ யார்டு டிரைவர். நாற்பதடி டிரெய்லரை ஒரே மூச்சில், ஊசியில் நூல் கோர்ப்பது போல வாசலில் செருகுவான் என்பதால் அவனை எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிட்டார்கள். யார்டில் அண்ணனும் தங்கச்சியும் பேசிக்கொள்வது குறைவு. "உன் காலி வண்டி பதினெட்டாம் நம்பர்ல நிக்குது" என்பான். "நின்னது போதும், கொண்டு வா" என்பாள். அவ்வளவுதான்.

பகை எத்தனையோ விஷயத்தில் இருந்தாலும், அந்த வருஷம் அது ஒரு கதவில் வந்து நின்றது. யார்டு ஓரத்தில் டிரைவர்களுக்கென்று ஒரு ரூம். ஆறு நாற்காலி, ஒரு ஃபேன், குடிதண்ணீர், கை கழுவ இடம், உள்ளே ஒரு கக்கூஸ். முதலில் எல்லோருக்கும் திறந்துதான் இருந்தது. பிறகு ஒருநாள் கதவில் நம்பர் பூட்டு வந்தது. பக்கத்தில் 'வெளி டிரைவர்களுக்கு அனுமதி இல்லை' என்று ஒரு போர்டும் வந்தது. பூட்டு வேண்டும் என்று யார்டுக்காரர்கள் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். முதல் கையெழுத்து ஊசியுடையது.

ரோட்டுக்காரர்களுக்காகக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கூண்டு வைத்தார்கள். அதன் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தண்ணீரும் இல்லை. ஆம்பளைகள் எப்படியோ சமாளித்தார்கள். வக்கீலம்மா போகும்போது, வரிசையில் மூத்தவரான பெரியப்பா கூட வந்து, கூண்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கதவை வெளியிலிருந்து பிடித்தபடி நிற்பார். அவர் யாருக்கும் பெரியப்பா இல்லை. அறுபது வயசானதால் எல்லோருக்கும் பெரியப்பா. அவருக்குச் சர்க்கரை வியாதி. அடிக்கடி ஒதுங்க வேண்டும். "என் மூத்திரப்பை என் சம்சாரம் மாதிரிம்மா. கூப்பிட்ட உடனே போகணும், இல்லேன்னா ரகளை" என்பார்.

அந்தக் கூண்டிலும் ஒருநாள் 'பழுது' என்று அட்டை தொங்கியது. பத்து நாளாகியும் அட்டை இறங்கவில்லை.

வக்கீலம்மா வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது அரை டம்ளர், வேலை முடிந்து வந்து இரண்டு சொம்பு. முன்பும் இப்படித் தண்ணீரைக் குறைத்து இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சலில் படுத்தவள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, தண்ணி குடிக்கிறதுல உனக்கு என்ன கஷ்டம்?"

"குடிக்கிறதுல கஷ்டம் இல்ல டாக்டர். அப்புறம் எங்க போறது?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாத்திரை எழுதினார்.

பத்தாவது நாள்தான் அது நடந்தது. பெரியப்பாவின் டிரெய்லர் காலையில் உள்ளே போனது. மதியம் தாண்டியும் திரும்பவில்லை. அவர் இரண்டு தடவை யார்டுக்காரர்களைக் கூப்பிட்டு ரூமைத் திறக்கச் சொல்லிக் கேட்டார். நம்பரை யாரும் சொல்லவில்லை. டிரெய்லர் வந்தபோது, அதை மாட்டுவதற்காக அவர் வண்டியிலிருந்து இறங்கினார். கால்சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. ஒரு துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் குனிந்து வேலையைச் செய்தார். வாட்ச்மேன் மேஜையிலிருந்த வாக்கிடாக்கியில் ஒரு யார்டுக்காரனின் குரல் சத்தமாகக் கேட்டது. "ரோட்டு வரிசையில தண்ணி லீக்கு, பிளம்பரை அனுப்புங்க." தொடர்ந்து நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்படிச் சொன்னவனை லவுட்ஸ்பீக்கர் என்று கூப்பிடுவார்கள். சிரித்தவர்களில் அண்ணன் குரல் இருக்கிறதா என்று, கேட்டருகே நின்ற வக்கீலம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். இல்லை. ஆனால் 'சும்மா இருடா' என்று சொன்ன குரலும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பாடு. மாதத்துக்கு ஒருமுறை அண்ணி கூப்பிடுவாள், இவள் புருஷனோடு போவாள். அண்ணி தண்ணீர்ச் சொம்பை வைத்தாள். வக்கீலம்மா ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

"என்னடி, பாலைவனத்துல இருந்தா வர்றே?" என்றாள் அண்ணி.

"இன்னைக்கு லீவு அண்ணி. அதான் குடிக்கிறேன்."

அண்ணிக்குப் புரியவில்லை. வக்கீலம்மா எல்லாவற்றையும் சொன்னாள். பூட்டு, கூண்டு, டாக்டர், பெரியப்பாவின் துண்டு. ஊசி தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சொல்லி முடித்ததும் அண்ணி புருஷனைப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"அது கம்பெனி விஷயம்" என்றான் ஊசி. பிறகு, தங்கச்சியின் பக்கம் திரும்பாமலே, "நாலு, நாலு, ஒண்ணு, ஏழு. உனக்கு மட்டும் சொல்றேன். யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் போயிட்டு வந்துரு" என்றான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. அதுதான் வக்கீலம்மாவுக்குக் கஷ்டமாக இருந்தது.

"வேண்டாம்ணா. நான் நம்பரைக் கேக்கவே இல்லன்னு வெச்சுக்க."

"ஏன்?"

"திருட்டுத்தனமா ஒண்ணுக்குப் போக எனக்கு வராது."

அவள் புருஷன் மேலே பார்த்து, ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு அவள் வண்டி கேட்டுக்குள் வந்தது. அன்றைய சரக்கு, மடித்த அட்டைப்பெட்டிகள். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் அட்டைதான். ஆனால் அது வராவிட்டால் கிடங்கில் பேக்கிங் வேலை மொத்தமும் நின்றுவிடும். கையிருப்பு பதினோரு மணி வரைதான் தாங்கும் என்பது அவளுக்குத் தெரியும், ஏனென்றால் வாரத்துக்கு நாலு தடவை அதைக் கொண்டுவருகிறவள் அவள்தான்.

வரிசையின் முதல் இடத்தில் வண்டியை நிறுத்தினாள். இஞ்சினை அணைத்தாள். வழக்கமாக உடனே இறங்கி டிரெய்லரைக் கழற்றுவாள். அன்று இறங்கவில்லை. சாவியை எடுத்துச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். சீட்டுக்குப் பின்னால் இருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊசி குட்டை வண்டியில் வந்து பக்கத்தில் நிறுத்தினான்.

"கழட்டலையா?"

"இல்ல."

"என்ன, ஏதாவது கோளாறா?"

"வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல. அந்தப் பூட்டைக் கழட்டுங்க, நான் டிரெய்லரைக் கழட்டுறேன்."

ஊசி தங்கச்சியை ஒரு நிமிஷம் பார்த்தான். சின்ன வயசில் பள்ளிக்கூடத்தில் தன் பென்சிலை எடுத்த பையனைத் துரத்திக்கொண்டு அவன் வீட்டு வாசல் வரை போய் உட்கார்ந்தவள் அவள். ஆகவே அவன் அங்கே நின்று வாதாடவில்லை. வாக்கிடாக்கியை எடுத்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டான்.

சூப்பர்வைசர் கோபமே வராதவர் மாதிரி பேசுவார், தேன் தடவின கத்தி. "மேடம், உங்க பிரச்சனை எனக்குப் புரியுது. ஒரு மெயில் போடுங்க, மேல அனுப்பிடறேன்" என்றார்.

"மூணு மெயில் போட்டாச்சு சார். தேதி சொல்லட்டுமா?"

"நீங்க பண்றது ரூல்ஸுக்கு விரோதம்."

"ரூல்ஸ் தாளை முழுசாப் படிச்சிருக்கேன். டிரெய்லரை எத்தனை நிமிஷத்துக்குள்ள கழட்டணும்னு அதுல எங்கயும் போடல. எங்கள எத்தனை மணி நேரம் காக்க வைக்கலாம்னும் போடல. ரெண்டு பக்கமும் போடாம விட்டுட்டீங்க." சொல்லிவிட்டு அவர் பார்க்கவே பாட்டிலைத் திறந்து பாதி வரை குடித்தாள். "இன்னைக்குத்தான் சார் டாக்டர் சொன்னபடி நடக்கிறேன்."

பத்து நிமிஷத்தில் அவளுடைய முதலாளி ஃபோனில் வந்தார். "ஏம்மா, என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறியா?"

"கதவு திறந்த அடுத்த நிமிஷம் கழட்டிடுவேன் முதலாளி."

"நாளைக்கு உனக்கு வண்டி கிடையாது, சொல்லிட்டேன்."

"சரி முதலாளி. இன்னைக்கு இருக்கில்ல."

பெரியப்பாவின் வண்டி அவளுக்கு அடுத்ததாக நின்றது. அவரிடம் அவள் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அவரைப் பற்றியும் சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் யார்டு வண்டி அவரிடம் போனபோது அவர் ஜன்னலைக் கால்வாசி இறக்கி, "அந்தம்மா கழட்டினதுக்கு அப்புறம் நானும் கழட்டறேன் தம்பி" என்று சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டார். அடுத்தவனும் அப்படியே சொன்னான். நாலாவது வண்டிக்காரன் திட்டினான். "உங்க சண்டைக்கு நான் ஏன் சாகணும், எனக்கு இன்னும் ரெண்டு டிரிப் இருக்கு" என்று கழற்றி விட்டுவிட்டு ஓரமாகப் போனான். அவனை யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒன்பதரைக்குள் ஒன்பது வண்டிகள் கழற்றாமல் நின்றன.

சூப்பர்வைசர் ஊசியைத் தனியே கூப்பிட்டார். "உங்க தங்கச்சிதானே. எடுத்துச் சொல்லுங்க."

ஊசி அவள் வண்டிக்குள் ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தினான். இருவரும் கண்ணாடி வழியே முன்னால் பார்த்துக்கொண்டு பேசினார்கள்.

"என் மானத்தை வாங்கறதுக்குன்னே வந்திருக்கியா?"

"உன்னை யாரு இதுல இழுத்தா?"

"முதல் கையெழுத்து என்னுது. உனக்குத் தெரியாதா?" அவன் குரல் இறங்கியது. "அந்த ரூம் எங்களுக்கு எப்படிக் கிடைச்சுது தெரியுமா? பன்னெண்டு வருஷம் நாங்க டயர் மேல உக்காந்து சாப்பிட்டோம். மழை வந்தா டிரெய்லருக்கு அடியில. ரெண்டு வருஷம் கெஞ்சி, எழுதிக் குடுத்து, கடைசியில அந்த ரூம் வந்துது. உங்க ஆளுங்க ஒரே மாசத்துல தண்ணிக் குழாயை ஒடச்சாங்க. சேத்துக் காலோட நாற்காலி மேல ஏறி ஃபேன் இறக்கையை வளச்சாங்க. செவுத்துல ஆணியால கீறி எழுதினாங்க, 'செக்குமாட்டுத் தொழுவம்'னு. முழ நீளத்துக்கு. அதை யாரு சொரண்டி எடுத்தா தெரியுமா? நான். சாப்பாட்டு நேரத்துல, பிளேடு வெச்சு, மூணு நாள்."

வக்கீலம்மாவுக்கு இது தெரியாது. அண்ணன் கையைப் பார்த்தாள். பதினாலு வருஷ ஸ்டியரிங்கில் காய்த்துப்போன கை.

"தப்புதாண்ணா. ரொம்பத் தப்பு. எழுதினவன் யாருன்னு கண்டுபிடிச்சு அவன் கையை ஒடி, நானும் கூட வர்றேன். அதுக்காகப் பெரியப்பாவோட மூத்திரப்பையை எதுக்குப் பூட்டறே?"

"அதுக்கு நான் என்ன பண்றது? கம்பெனி ஒரு கக்கூஸ் கட்டட்டும்."

"கட்டாது. நாம ரெண்டு பேரும் அடிச்சுக்கிற வரைக்கும் கட்டாது."

அப்போது அவள் ஃபோன் அடித்தது. அண்ணி. வக்கீலம்மா காலையிலேயே அண்ணிக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவரு பக்கத்துல இருக்காரா?"

"இருக்காரு."

"என்னங்க, கேளுங்க. சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள நம்ம வீட்டு பாத்ரூம் கதவுக்கும் ஒரு நம்பர் பூட்டு மாட்டிடறேன். நம்பர் எனக்கு மட்டும்தான் தெரியும். வெளி டிரைவர்களுக்கு அனுமதி இல்ல." ஃபோன் வைக்கப்பட்டது.

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த நிலைமையில் சிரிப்பதும் ஆபத்தாக இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஊசி சிரிக்கவில்லை. "எல்லாரும் சேந்துக்கங்க" என்று முணுமுணுத்தபடி இறங்கிப் போனான். கதவை அறைந்து சாத்தினான்.

பத்தரை ஆனது. அவளுக்கு அடிவயிறு கல்லாகிவிட்டது. இறங்கினால் முடிந்தது. வண்டியில் ஆள் இல்லை என்று எப்படியாவது டிரெய்லரைப் பிரித்துவிடுவார்கள். அவள் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டாள். சாலையில் பார்த்த ஊர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை வழிந்தது. இருந்தும் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து, சூப்பர்வைசர் பார்க்கிற சமயமாகப் பார்த்துக் குடித்தாள். தலைக்கு மேல் போன வெள்ளம், சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன.

பதினோரு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் கிடங்குக்குள் பெட்டிகளை நகர்த்தும் கன்வேயர் பெல்ட் ஓடுகிற இரைச்சல் நின்றது. அந்த இரைச்சல் நின்று யாரும் கேட்டதில்லை. பேக்கிங் பெண்கள் வாசல்களில் வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடி அறையிலிருந்து மேனேஜரே இறங்கி வந்தார்.

அவர் வண்டிக்கு அருகில் வந்து தணிவாகச் சொன்னார். "பாருங்கம்மா, இவ்வளவு தூரம் போகணுமா? மேல ஆபீஸ்ல லேடீஸ் டாய்லெட் இருக்கு. இனிமே நீங்க அதையே யூஸ் பண்ணிக்கலாம். லெட்டரே போட்டுத் தர்றேன்."

"என் பின்னால எட்டு வண்டி நிக்குது சார். லெட்டர்ல அவங்க பேரையும் சேப்பீங்களா?"

"அவங்க எல்லாம் ஜென்ட்ஸ்."

"ஜென்ட்ஸுக்கு மூத்திரம் வராதா சார்?"

வாசலில் நின்ற பேக்கிங் பெண்களில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். மேனேஜர் முகம் சிவந்தது. இந்தம்மாவை இனிமேல் கேட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். பிறகு, கொக்கியை வெளியிலிருந்து விடுவித்துவிட்டு, பின்னாலிருந்து சங்கிலி போட்டு டிரெய்லரை உருவி எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும், ஆனால் கை தேர்ந்த ஆள் வேண்டும், முன்வண்டி ஆட்டம் கண்டால் உள்ளே இருப்பவர்களுக்கு அடிபடும் என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் ஊசியைப் பார்த்தார்கள்.

"என் தங்கச்சி உள்ள உக்காந்திருக்கிற வண்டியை நான் சங்கிலி போட்டு இழுக்க மாட்டேன்" என்றான் ஊசி.

"அப்ப கதவைத் திறந்து விடப் போறியா?" என்று ஒரு யார்டுக்காரன் கேட்டான்.

"அதுவும் மாட்டேன். அது நம்ம ரூம்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். குடும்பமே இப்படித்தானா என்று கேட்பது போல சூப்பர்வைசரைப் பார்த்தார்.

அப்போது லவுட்ஸ்பீக்கர் முன்னால் வந்தான். தோளில் சங்கிலி. "நான் போடறேன் சார்" என்றவன், ஜன்னலில் தெரிந்த வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்தான். அது வெளுத்துப் போயிருந்தது. "அதுக்குக்கூட அவசியம் இருக்காது. இன்னும் அஞ்சு நிமிஷத்துல இங்கயும் தண்ணி லீக்கு. பிளம்பரைக் கூப்பிட வேண்டியதுதான்."

இந்தத் தடவை இரண்டு பேர்தான் சிரித்தார்கள். மற்றவர்கள் ஊசியைப் பார்த்தார்கள்.

ஊசி லவுட்ஸ்பீக்கரின் தோளிலிருந்து சங்கிலியை எடுத்தான். அடிக்கப் போகிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் அதைத் தரையில் போட்டான்.

"போன வாரம் நீ இதையே சொன்னப்ப நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அன்னைக்கே உன் வாயை மூடியிருக்கணும். மூடல. அது என் தப்பு" என்றான். குரலில் கோபம்கூட இல்லை.

ஊசி தன் வண்டிக்குப் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு நேராக ரூமுக்கு நடந்தான். சூப்பர்வைசர் பின்னாலேயே ஓடினார். "என்ன பண்றீங்க? அது கம்பெனி சொத்து."

"பூட்டு கேட்டது நான். கம்பெனி கேக்கல."

"பதினோரு பேர் கேட்டாங்க."

"மத்த பத்துப் பேரும் இங்கதான் நிக்கிறாங்க. வேண்டாங்கிறவன் வந்து என் கையைப் பிடிக்கட்டும்."

யாரும் வரவில்லை. வேண்டாம் என்று நினைத்தவர்கள் அதில் இருந்தார்கள், அது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வரவில்லை. நாலு ஸ்க்ரூ. நாலாவது துருப்பிடித்துக் கொஞ்சம் அடம்பிடித்தது. பூட்டு கையோடு வந்ததும் அதை ஜன்னல் திண்டில் வைத்தான். பிறகு ரோட்டு வரிசையைப் பார்த்துக் கத்தினான். "ஊர்சுத்திங்களா, கேட்டுக்கங்க. ஒருநாள் நாங்க கழுவுவோம், ஒருநாள் நீங்க கழுவணும். செவுத்துல ஒரு கோடு விழுந்தாலும் நானே மறுபடியும் பூட்டு வாங்கியாருவேன்."

"சரி" என்றார் பெரியப்பா, தன் வண்டி ஜன்னலிலிருந்து. "முதல் நாள் நான் கழுவறேன்."

வக்கீலம்மா சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே இறங்கினாள். கால் மரத்துப் போயிருந்தது. மஞ்சள் கோட்டைத் தாண்டி, மேனேஜர், சூப்பர்வைசர், பேக்கிங் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, யார்டின் குறுக்கே நடந்தாள். ஓட வேண்டும் போல இருந்தது. ஓடவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, நடந்தே போனாள். கதவருகே நின்ற அண்ணனைத் தாண்டும்போது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

திரும்பி வந்து, சொன்னபடி டிரெய்லரைக் கழற்றினாள். அவளுக்குப் பின்னால் எட்டுப் பேரும் கழற்றினார்கள். பதினொண்ணேமுக்காலுக்குக் கன்வேயர் ஓட ஆரம்பித்தது.

அதற்கான விலையை இரண்டு பேரும் கொடுத்தார்கள். கம்பெனிச் சொத்தைச் சேதப்படுத்தியதாக ஊசிக்கு மெமோ வந்தது. சேதம் ஒன்றும் இல்லை, நாலு ஸ்க்ரூவும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன, வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் எழுதிக் கொடுத்தான். லவுட்ஸ்பீக்கரும் இன்னொருவனும் அவனோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பதினாலு வருஷம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அவர்கள். அது அவனுக்கு மெமோவைவிட வலித்தது. தங்கச்சியிடம் அவன் அதைச் சொல்லவில்லை, அண்ணிதான் சொன்னாள்.

வக்கீலம்மாவைக் கேட்டுக்குள் விடக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது. முதலாளியும் சொன்னபடி மறுநாளே வண்டியைப் பிடுங்கிக்கொண்டார். பத்தொன்பது நாள் அவள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்காரத் தெரியாதவள். புருஷனின் மெஷின் பாகங்களையெல்லாம் துடைத்து அடுக்கி, அவர் எதையும் கண்டுபிடிக்க முடியாமல் பண்ணினாள். அட்டைப்பெட்டி டிரிப்புக்கு முதலாளி ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தனுக்கு இடுப்புவலி, ஒருத்தனுக்கு மச்சான் கல்யாணம், இன்னொருத்தனுக்கு அந்த வண்டி கைக்கு வரவில்லையாம். இரட்டை வாடகைக்கு வெளி வண்டி பிடித்துத்தான் அட்டை போனது, அதுவும் தாமதமாக. கடைசியில் பெரியப்பாவிடம் கேட்டபோது அவர் சாக்கு எதுவும் சொல்லவில்லை. "அது அந்தம்மா வண்டி முதலாளி" என்றார்.

இருபதாம் நாள் காலை முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அட்டை நேரத்துக்கு வராததால் மேனேஜர் மனம் இறங்கியிருக்கிறார், ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் மறுபடி உள்ளே விடுவார்களாம் என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். அவள் நின்றபடியே எழுதிக் கொடுத்தாள்.

முதலாளி சத்தமாகப் படித்தார். "செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்கால் முதல் பதினொன்றரை வரை என் வண்டியின் டிரெய்லரை நான் கழற்றவில்லை. கதவு திறந்ததும் கழற்றினேன். இப்படிக்கு." தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "இதுல மன்னிப்பு எங்கம்மா இருக்கு?"

"இல்ல முதலாளி. இருந்தா எழுதியிருப்பேன்."

அவர் அவளை ரொம்ப நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துக் கவரில் போட்டு, ஒட்டி, அப்படியே அனுப்பி வைத்தார். அங்கே யாராவது அதைப் படித்தார்களா என்று தெரியாது. மறுநாள் காலை வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டான்.

அன்று அவளுடைய காலி டிரெய்லர் திரும்பி வர நாலு மணி நேரம் ஆனது. கொண்டுவந்து விட்டது ஊசிதான். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவனோடு ஒரு சண்டை போட்டாள்.